சீனிச்சாமி ஏலத்தில் எடுத்த பாலம்

மொக்கம்மாளுக்குத் தலையில் சுமை ஏறினால்தான் வாய் திறக்கும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை சொல்வாள். கத்தரிக்காய்க் கூடையைத் தூக்கி வைத்துவிட்டாலோ, மேலக்கரைப்பட்டியில் ஆரம்பிக்கிற பேச்சு தேனிச் சந்தையில்தான் முடியும். அவளுக்குப் பின்னால் வரிசையாக வருகிற பெண்களும் அவளுக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் ஒருத்தியும் கழுத்தைத் திருப்ப மாட்டாள். திருப்பினால் கூடை சாய்ந்துவிடும். முன்னால் போகிறவள் காற்றைப் பார்த்துப் பேசுவாள். பின்னால் வருகிறவர்கள் அவள் முதுகைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவர்களுக்கு அது பழகிப்போன வழக்கம்.

ஊரை விட்டு வெளியே வந்ததும் முல்லையாறு. ஆற்றின் மேல் கல்லுப்பாலம். கம்பத்திலிருந்து தேனிக்குப் போகும் பெரிய ரோடே அதன் மேல்தான் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தூணுக்கும் மேலே பாலம் இரண்டு பக்கமும் அரை நிலா மாதிரி வெளியே புடைத்திருக்கும். வண்டி வந்தால் அதற்குள் ஒதுங்கிக்கொள்ளலாம். கைப்பிடிச் சுவர் அங்கே தோள் உயரம். யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அப்படியே சுவர்மேல் சாய்த்து இறக்கலாம், மூச்சு வாங்கலாம், வெற்றிலை போடலாம், மாமியாரை வைது தீர்க்கலாம். மேலக்கரைப்பட்டிப் பெண்களின் வழக்குகளில் பாதி அந்த அரை நிலாவில் தீர்ந்தவைதான்.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம், மாசி மாதத்தில், பக்கத்திலேயே சிமெண்டுப் பாலம் ஒன்று கட்டித் திறந்தார்கள். தோரணம் என்ன, மேளம் என்ன! பாலமும் பார்க்க அழகுதான். கோடு போட்டாற்போல் நேராக, வழுவழுவென்று இருந்தது. ஒரு பஸ் தாராளமாகப் போகும். பஸ்ஸோடு ஒரு கழுதை சேர்ந்து வந்தால்தான் சங்கடம். பழைய பாலத்தின் இரண்டு வாயிலும் மூங்கிலைக் குறுக்கே கட்டிவிட்டு, ரோட்டு ஆபீஸ்காரர்கள் கிளம்பிப் போனார்கள்.

அந்த வாரச் சந்தைக்கே மொக்கம்மாளின் கூட்டம் புதுப் பாலத்தில் ஏறியது.

"மதினி, பின்னால என்னமோ உறுமுது" என்றாள் ராமுத்தாய். மொக்கம்மாளின் நாத்தனார் அவள். வரிசையில் எப்போதும் கடைசி. தலையில் குறுக்காக ஒரு முருங்கைக்காய்க் கட்டு. இந்தக் கையிலிருந்து அந்தக் கை வரைக்கும் நீண்டிருந்தது.

"உறுமட்டும். நீ நட."

"ஹாரன் அடிக்கிறாக மதினி."

"அடிச்சா என்ன? ஆத்துல மீனு கேட்டுட்டுப் போகுது. நட புள்ள."

அடித்தவர் தேனி பஜார் பொன்னுராஜ். பஸ்ஸுக்கு அவரே முதலாளி, அவரே டிரைவர். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவர் கை ஸ்டியரிங்கில்தான் இருக்கும். பெண்கள் சுவரோரம் ஒட்டிக்கொண்டார்கள், இடம் இருக்கிறது என்று நினைத்து வண்டியை விட்டார். பெண்களுக்கு இடம் இருந்தது, முருங்கைக்காய்க்கு இல்லை. பஸ்ஸின் பக்கவாட்டுக் கம்பி கட்டின் முனையில் மாட்டியது. ராமுத்தாய் பம்பரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிச் சுவரில் போய் மோதினாள். முருங்கைக்காய் அத்தனையும் ஆற்றோடு போயிற்று. முழங்கை கிழிந்து ரத்தம் ஒழுகியது. சுவர் மட்டும் ஒரு சாண் குறைவாக இருந்திருந்தால் அவளும் காய்களோடு போயிருப்பாள்.

பஸ் நின்றது. பொன்னுராஜ் பதறிக்கொண்டு இறங்கினார். பதற்றத்தைக் கோபமாக்கிக்கொண்டார்.

"ஏம்மா, பஸ் வந்தா வழி விட மாட்டீகளா?"

மொக்கம்மாள் கூடையை இறக்கவில்லை. உடம்போடு சேர்ந்து திரும்பினாள்.

"விடுறோமே. எங்கன விடணும்? இந்தா இருக்கு சுவரு, அந்தா இருக்கு ஆறு. ரெண்டுல எதுக்குள்ள போகச் சொல்றீக?"

"பழைய பாலத்துல போக வேண்டியதுதானே?"

"மூங்கி கட்டியிருக்காக."

"குனிஞ்சு போனா ஆகாதா?"

"தலையில சுமையோட குனியவா? எங்க, உங்க பஸ்ஸைக் கொஞ்சம் குனிய வச்சு ஓட்டிக் காட்டுங்க, பாப்போம்."

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பொன்னுராஜ் நல்ல மனிதர். அவரும் அடக்க முடியாமல் சிரித்தார். ராமுத்தாயின் கைக்குத் தன் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் மொக்கம்மாள் இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு வந்தாள். பழைய பாலத்து மூங்கில்கள் அறுந்து விழுந்தன. கூட்டம் பழையபடி கல்லுப்பாலத்தில் நடந்தது. பங்குனி முழுக்க யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சித்திரை பிறந்ததும் கேட்க ஆள் வந்தது.

ஒரு காலையில் பெண்கள் ஆற்றங்கரைக்கு வந்தபோது பாலத்தின் தெற்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரைக் காணோம். பெயர்த்த கற்கள் கரையில் கிடந்தன. கடப்பாரை வைத்திருந்த ஆட்களுக்கு நடுவில், குடை பிடித்துக்கொண்டு சீனிச்சாமி நின்றார்.

சீனிச்சாமியும் மேலக்கரைப்பட்டிக்காரர்தான். பருத்தி வாங்கி விற்று மேலே வந்தவர். பழனிசெட்டிபட்டியில் பஞ்சு மில் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். எங்கே போனாலும் வில்லு வண்டி. உள்ளூரில் அவருக்குச் செல்வாக்கு உண்டு. அந்தச் செல்வாக்கு எவ்வளவு என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளும் ஆசையும் உண்டு.

"அண்ணே, என்ன இது?" என்றாள் மொக்கம்மாள்.

"பாத்தாத் தெரியலையா? பாலம். என் பாலம்."

"ஆடு மாடு வாங்குவாக. பாலத்தை யாராச்சும் வாங்குவாகளா?"

"ஆபீஸ்ல ஏலம் விட்டாக, எடுத்துட்டேன். கொத்தின கல்லு ஆத்தா, அப்படியே கொண்டுபோய் அடுக்க வேண்டியதுதான். மில்லுக்கு நாலு சுவரும் இதுலயே எந்திரிச்சிரும்." குடையைச் சுழற்றினார். "போட்டி பலமா இருந்துச்சு. ஆண்டிபட்டியில இருந்தெல்லாம் ஆளு வந்தாக. பாத்தேன். வீரபாண்டி கௌமாரிக்கு அங்கனயே நேந்துக்கிட்டேன். தாயே, ஏலம் என் பேருல விழுந்தா இந்த வருசம் தீச்சட்டி எடுக்கேன்னு. டமார்னு விழுந்துருச்சு!"

"நீங்களா? தீச்சட்டியா?"

"ஏன், என் கை என்ன வெண்ணெயா?"

கடப்பாரைக்காரர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். மொக்கம்மாள் சிரிக்கவில்லை.

"அண்ணே, பாலத்தை உடைக்காதீக. எங்களுக்கு வேற வழி இல்ல."

"லட்சணமாப் புதுப் பாலம் இருக்குல்ல?"

"அதுல ராமுத்தாயை பஸ் சுத்தி விட்டுச்சு. கையப் பாருங்க."

சீனிச்சாமி பார்த்தார். "ஒரு கட்டு முருங்கைக்காய்க்காக மில்லை நிறுத்தச் சொல்றியா?"

"காய்க்காக இல்லண்ணே. காய்க்கு அடியில ஒரு கழுத்து இருக்கு."

"பஸ் வந்தா ஒதுங்கிக்கிறது. இது ஒரு பெரிய கஷ்டமா? நானும்தான் தெனம் அந்தப் பாலத்துல போறேன்."

"எதுல போறீக?"

"வண்டியில."

"நடந்து போயிருக்கீகளா?"

"நான் ஏன் ஆத்தா நடக்கணும்?"

மொக்கம்மாள் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது.

"சரிண்ணே. பாக்கிச் சுவரை எப்பப் பேப்பீக?"

"திருவிழா முடிஞ்ச மறுநா. பயலுக எல்லாம் காப்புக் கட்டப் போறானுக. காப்புக் கட்டின கையால கடப்பாரை தொட மாட்டேங்குறானுக."

"நல்லது. உங்க சட்டிக்கு வேண்டியது எல்லாம் நான் பாத்துக்கிறேன். வேப்பிலை, மஞ்சத்துணி, எதுக்கும் அலைய வேண்டாம்."

ஊர்ச் சட்டிகளுக்கு முன்னடி அவள்தான். அவள் தகப்பனாருக்குப் பிறகு அவள் கைக்கு வந்த பொறுப்பு அது. யார் எடுக்கிறார்கள், யார் முன்னால், யார் பின்னால் என்று அவள் சொன்னால் ஊர் கேட்கும். மேலக்கரைப்பட்டிச் சட்டிக்குக் கட்டுத்திட்டம் கடுமை. ஆற்றங்கரையில் தீ வளர்த்துக் கையில் வாங்கினால் வீரபாண்டிக் கோயிலில்தான் இறக்க வேண்டும். இடையில் கீழே வைக்கக் கூடாது, வேறு கைக்கு மாற்றக் கூடாது, என்ன நடந்தாலும் பின்னால் திரும்பக் கூடாது.

சந்தைக்குப் போகும் வழியெல்லாம் ராமுத்தாய் புலம்பினாள். "என்ன மதினி, இம்புட்டு லேசா விட்டுட்டீக? நாலு பேச்சுப் பேசுவீகன்னு பாத்தேன்."

"அண்ணனுக்குப் பேச்சுச் சொன்னா ஏறாது."

"அப்ப?"

"அதான் நடக்கப் போறாகளே" என்றாள் மொக்கம்மாள், காற்றைப் பார்த்து.

மொக்கம்மாள் எதையும் ஒளித்துச் செய்யவில்லை. முதலில் ரோட்டு ஆபீஸ் ஓவர்சியர் தங்கபாண்டியிடம் போனாள். காக்கித் தொப்பியைக் கழற்றாமலே காது கொடுத்துக் கேட்கும் மனிதர் அவர்.

"ஒரு பக்கச் சுவரைப் பேத்துட்டாக. கையில தீயோட பொம்பளைக போகணும். என்ன செய்யட்டும்?"

"சுவர் இல்லாத பாலத்துல ஒருத்தரையும் விடக் கூடாதும்மா. யாராச்சும் விழுந்தா யாரு பதில் சொல்றது? புதுப் பாலத்துல போங்க."

"நீங்க சொல்றீக, போறோம். அன்னிக்கு அங்கன வந்து நில்லுங்க."

"திருவிழா டூட்டி எனக்கு அங்கனதான்."

அடுத்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள். பொன்னுராஜ் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்க ஊர்ச் சட்டி அன்னிக்குக் காலையில புதுப் பாலத்துல வரும். நாங்க தாண்டுற வரைக்கும் பஸ்ஸை இக்கரையில நிறுத்திக்கிடுங்க."

"நல்லாச் சொன்ன போ! வருசத்துல அந்த ஒரு வாரம்தான் வண்டி நெறைய ஆளு. அன்னிக்கு நிறுத்தவா? நீங்க ஓரமாப் போங்க, நான் மெதுவா வாரேன்."

"ஓரம் எங்கன இருக்குன்னு அன்னிக்கே கேட்டேன்."

"உங்க சாமி பாத்துக்கும்மா" என்று சிரித்தார்.

"பாத்துக்கும். நான் சொல்லிட்டேன், அம்புட்டுத்தான்."

திருவிழாக் காலை. ஆற்றில் முழுகி, மஞ்சள் உடுத்தி, ஈரத் தலையோடு எல்லாரும் கரையேறினார்கள். உறுமி முழங்கியது. சட்டிகளில் தேங்காய்ச் சிரட்டையும் வேப்பங்கட்டையும் பிடித்துக்கொண்டு எரிந்தன. சீனிச்சாமி மஞ்சள் வேட்டியும் கழுத்து நிறைய மாலையுமாக, வருகிறவர்கள் எல்லாம் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு வந்து நின்றார்.

"நான் எங்கன நிக்கணும் மொக்கு? முன்னாலதான?"

"மொத வருசக்காரக கடைசிண்ணே."

"நானா கடைசி?"

"எங்கப்பன் காலத்துல இருந்தே அப்படித்தான். ராமுத்தாய் உங்களுக்கு முன்னால போவா. அவ குதிகாலைப் பாத்துக்கிட்டே வாங்க."

வேப்பிலைப் படுக்கையில் வைத்துச் சட்டியை அவர் கையில் கொடுத்தாள். வாங்கும்போது கொஞ்சம் முகம் சுளித்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மொக்கம்மாள் தன் சட்டியை ஏந்திக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

வரிசை புதுப் பாலத்தில் ஏறியது. இடது பக்கத்தில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், கல்லுப்பாலம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் நட்டநடுவில் ஒரு நாய் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

பாதிப் பாலம் வந்தபோது எதிரே தேனிப் பக்கமிருந்து வண்டிகள் ஏறின. முதல் வண்டி மாடுகள் தீயைப் பார்த்தன. வரிசையாக வருகிற தீயை எந்த மாடு பொறுக்கும்? மூக்கணாங்கயிறு அறுந்துபோகிற மாதிரி பக்கவாட்டில் பாய்ந்தன. வண்டி பாலத்துக்குக் குறுக்கே திரும்பி, ஒரு சக்கரம் இந்தச் சுவரிலும் நுகத்தடி அந்தச் சுவரிலுமாகச் செருகிக்கொண்டது.

மொக்கம்மாள் நின்றாள். வரிசை நின்றது.

அதே நேரத்தில் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது.

"மதினி!" ராமுத்தாயின் குரல் வரிசையின் கடைசியிலிருந்து வந்தது. "பஸ் ஏறிருச்சு!"

"எங்கன இருக்கு?" மொக்கம்மாள் மாட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சீனியண்ணன் முதுகுக்குப் பின்னால!"

திரும்பிப் பார்க்க ஒருவராலும் முடியாது. பெண்களுக்கு அது ஒன்றும் புதிதில்லை. வாழ்நாள் முழுக்க முன்னால் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பதைப் பேசி அறிந்தவர்கள் அவர்கள். சீனிச்சாமிக்குத்தான் அது புதுசு.

"ஏலே, யார்றா அது? யாருடா முதுகுல வந்து ஊதுறவன்?" என்று கத்தினார்.

"மொதலாளி, நான்தான் பொன்னுராஜ். கொஞ்சம் ஓரமா ஒதுங்குங்க!"

"எங்கலே ஓரம்? ஓரத்தைக் காட்டு, போறேன்!"

பஸ்ஸில் இருந்தவர்களும் கோயிலுக்குப் போகிறவர்கள்தான். "தீச்சட்டிக்குப் பின்னால ஹாரன் அடிக்கிறியே, உனக்குக் கண்ணு இல்லையாப்பா?" என்று அவர்கள் பொன்னுராஜைப் பிடித்துக்கொண்டார்கள். பொன்னுராஜுக்கு அப்போது அதைவிடப் பெரிய கவலை வந்திருந்தது. காற்று தேனிப் பக்கமிருந்து அடித்தது. சீனிச்சாமியின் சட்டியிலிருந்து கிளம்பிய பொறிகள் நேரே பஸ்ஸின் முகத்துக்குப் பறந்தன. பஸ்ஸின் கூரையில் பெட்ரோல் டின்கள்.

"மொதலாளி, சட்டியை அந்தப் பக்கம் பிடிங்க! பெட்ரோல் இருக்கு! பெட்ரோல்!"

"பெட்ரோலா! மொக்கு! ஏத்தா மொக்கு! இந்த வண்டியைப் பின்னால போகச் சொல்லு!"

"எப்படிப் போவேன்? எனக்குப் பின்னால இன்னொரு பஸ் நிக்குது. அதுக்குப் பின்னால ஊரே நிக்குது!" என்று பொன்னுராஜ் அலறினார்.

மொக்கம்மாள் அசையவில்லை. கையில் தீ கனன்றது. பதறினால் காரியம் கெடும் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணே" என்றாள், காற்றைப் பார்த்து, சந்தைக்குப் போகும்போது பேசுகிற அதே குரலில். "சட்டியை நெஞ்சோட சேத்துப் பிடிங்க. உங்க முதுகுதான் இப்பப் பஸ்ஸுக்குச் சுவரு. பொறி தாண்டாது."

"கை தாங்கலை ஆத்தா!"

"வேப்பிலையை விரலுக்கு நடுவுல வாங்குங்க. ராமுத்தாயி, அண்ணனுக்குச் சொல்லிக்கிட்டே இரு."

"மொக்கு, நான் ஒண்ணு சொல்றேன், கேளு. அந்தப் பழைய பாலத்தை நான்..."

"வேண்டாம்ணே."

"நான் உடைக்கலை ஆத்தா! சத்தியமா..."

"சத்தியம் வேண்டாம்ணே. கையில தீயோட பேசுற பேச்சை நான் வாங்கிக்க மாட்டேன். கோயில்ல எறக்கி வச்சுட்டு, வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சுப் பேசுங்க. அப்ப என்ன சொல்றீகளோ அதுதான் பேச்சு."

பேசிக்கொண்டே அவள் வேலையையும் பார்த்தாள். "பஸ்ஸுல இருக்க ஆளுக எல்லாம் இறங்குங்க! மொதல்ல டின்னை இறக்கிப் பின்னால கொண்டு போங்க. அப்புறம் கடைசிப் பஸ்ஸைத் தள்ளுங்க, பெறகு இதைத் தள்ளுங்க! ஓவர்சியர் அய்யா, வண்டிக்காரரை மாட்டை அவுக்கச் சொல்லுங்க. மாட்டை ஓட்டிட்டு வெறும் வண்டியை ஆளுகளை வச்சு இழுங்க!"

சொன்ன மாதிரியே நடந்தது. மறுபடி ஒரு முறை சொல்லத் தேவையில்லாத குரல் அது. பக்தர்கள் குலவையிட்டுக்கொண்டு பஸ்ஸைத் தள்ளினார்கள். எதிர்ப் பக்கத்தில் தங்கபாண்டி தொப்பியைச் சுவர்மேல் வைத்துவிட்டு வண்டிச் சக்கரத்தில் தோள் கொடுத்தார். ஆனாலும் நேரமாயிற்று. அவ்வளவு நேரமும் சீனிச்சாமி நின்ற இடத்திலேயே நின்றார். முன்னால் பார்த்தால் மிரண்ட மாடு. பின்னால் என்ன என்று பார்க்க வழியில்லை. பார்க்க முடிந்தது பக்கவாட்டில் மட்டும்தான். அங்கே அரை நிலா அரை நிலாவாக, ஊரே ஒதுங்கி நிற்கலாம் போல, அவர் ஏலத்தில் எடுத்த பாலம் காலியாகக் கிடந்தது. நாய் எழுந்து சோம்பல் முறித்து, இடம் மாறிப் படுத்துக்கொண்டது.

"நாய்க்கு வந்த வாழ்வைப் பாரு!" என்றார் சீனிச்சாமி, யாரிடமும் இல்லாமல்.

அவருக்கு முன்னால் நின்ற ராமுத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டி குலுங்காமல் சிரிக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

வண்டி நகர்ந்தது. உறுமி மறுபடி முழங்கியது. சீனிச்சாமி சட்டியை இறக்கவில்லை, கை மாற்றவில்லை, திரும்பவும் இல்லை. வீரபாண்டிக் கோயிலில் சட்டியைச் செலுத்தியபோது அவர் உள்ளங்கைகள் சிவந்து கொப்புளித்திருந்தன. ஆனால் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அது ஏலம் எடுத்த பெருமையைவிட அழகாக இருந்தது. மொக்கம்மாளிடம் ஒன்றும் பேசாமல் வண்டியேறிப் போனார்.

திருவிழா நாட்கள் போயின. அவரிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. ராமுத்தாய்தான் ஓயவில்லை.

"சத்தியம் பண்றேன்னு அவுகளே சொன்னாக மதினி. பேசாம வாங்கிக்கிட்டிருக்கலாம்ல?"

"நெருப்பு பேசின பேச்சு அது. அண்ணன் பேசட்டும்."

"அண்ணன் கடப்பாரையால பேசினா?"

"அப்ப நானும் வேற மாதிரி பேசிக்கிறேன். இப்பத் தூங்கு."

திருவிழா முடிந்த மறுநாள் சந்தைக்குக் கிளம்பினார்கள். அன்றைக்கு மொக்கம்மாள் முன்னால் நடந்தாள், ஆனால் பேசவில்லை. ஆற்றங்கரையை நெருங்கும்போது அந்தச் சத்தம் காதில் விழுந்தது. ணங், ணங் என்று இரும்பு கல்லில் படுகிற சத்தம். கல்லுப்பாலத்துப் பக்கமிருந்துதான் வந்தது.

மொக்கம்மாளின் நடை ஒரு அடி தயங்கியது. தலைச்சுமைக்காரி தயங்கினால் அது பின்னால் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும். உடனே முன்னைவிட வேகமாக எட்டி வைத்தாள்.

வளைவு திரும்பியதும் பாலம் தெரிந்தது. தெற்குப் பக்கத்தில் கொத்தர்கள் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார்கள். பெயர்த்த கற்கள் ஒன்றின் மேல் ஒன்றாகத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டிருந்தன. பாலத்தின் வாயில் கடப்பாரைக்காரர்கள் குழி தோண்டினார்கள். குழிகளுக்குப் பக்கத்தில் ஆள் உயரக் கற்கள் இரண்டு கிடந்தன. இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்த சீனிச்சாமிக்குக் குடை பிடித்துக்கொண்டு, பஸ் முதலாளி பொன்னுராஜ் நின்றார்!

"வா ஆத்தா" என்றார் சீனிச்சாமி. "சாப்பிட்டாச்சு. தூங்கி எந்திரிச்சாச்சு. இப்பப் பேசலாமா?"

"பேசுங்கண்ணே."

"பாலம் என்னுது. உடைக்கிறதும் என் இஷ்டம், வச்சுக்கிறதும் என் இஷ்டம். வச்சுக்கிறேன். முன்னால மாடு, பின்னால பெட்ரோலு, நடுவுல நிக்கிறது என்னன்னு தெரிஞ்சு போச்சு. ஒரு நா நின்னதுக்கே எனக்கு உசுரு போச்சு. நீங்க காலமெல்லாம் நிக்கணும்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

"மில்லு?"

"இப்போதைக்கு நாலு சுவரும் மண்ணுல நிக்கட்டும். மழைக்கு முந்தி மலையடிவாரத்துல கல்லு பேத்துக்கிறேன்."

பொன்னுராஜ் குறுக்கே புகுந்தார். "சுண்ணாம்பு என் செலவும்மா. இதுல ஒரு தர்மமும் இல்ல, சொல்லிட்டேன். நீங்க எல்லாம் இதுல போனாத்தான் என் பஸ் அதுல ஓடும். ஓவர்சியரும் சரின்னுட்டாக. இதுல ஒரு வண்டியும் ஏறக் கூடாது, ஆளு நடக்க மட்டும்தான்னு சொன்னாக. அதுக்குத்தான் இந்தக் கல்லு."

அதற்குள் இரண்டு கற்களையும் குழியில் நிறுத்திவிட்டார்கள். மொக்கம்மாள் கற்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தாள். "ராமுத்தாயி, முன்னால வா."

ராமுத்தாய் முருங்கைக்காய்க் கட்டோடு வந்தாள். கற்களுக்கு நடுவில் நடந்தாள். கட்டு இரண்டு பக்கமும் இடித்து நின்றது.

"அண்ணே, இது சந்து. பாலத்து வாசல் மாதிரி இல்ல."

"வண்டி நுழையக் கூடாதுல்ல ஆத்தா?"

"வண்டி நுழையக் கூடாது. முருங்கைக்காய் நுழையணும்."

"ஏலே, கல்லைப் பிடுங்குங்கடா!" என்றார் சீனிச்சாமி.

மறுபடி தோண்டினார்கள். இந்த முறை ராமுத்தாய் கையை வீசிக்கொண்டு உள்ளே போனாள். மறுபடி திரும்பி வந்து இன்னொரு தரம் போனாள். சந்தைக்கு நேரமாகிறது என்று யாரோ கத்திய பிறகுதான் விளையாட்டை நிறுத்தினாள்.

"கல்லுல என் பேரை வெட்டச் சொல்லியிருக்கேன்" என்றார் சீனிச்சாமி, கொஞ்சம் வெட்கத்தோடு.

"வெட்டுங்க. கூடை உரசாத உயரமா வெட்டச் சொல்லுங்க. இல்லன்னா நாங்க போற வாரதுலயே அழிஞ்சு போகும்."

பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கற்களுக்கு நடுவில் நுழைந்து பாலத்தில் ஏறினார்கள். சீனிச்சாமி அதை ரசித்துப் பார்த்துவிட்டு, மில்லுக்குக் கிளம்ப வில்லு வண்டியைக் கூப்பிட்டார். வண்டிக்காரன், முதலாளி பாலம்தானே என்று மாட்டைக் கல்லுப்பாலத்துக்குத் திருப்பினான். சக்கரம் கல்லில் இடித்து நின்றது. புதுப் பாலத்தின் வாயிலோ பஸ்ஸும் பருத்தி வண்டியும் முட்டிக்கொண்டு, நீ போ நான் போ என்று வழக்காடிக்கொண்டிருந்தன.

"என்னண்ணே, வண்டி நுழையலையா?" முதல் அரை நிலாவிலிருந்து மொக்கம்மாளின் குரல் வந்தது. கூடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். "நடந்து வாங்க. இங்கன ஒதுங்க எம்புட்டோ இடம் கிடக்கு."

சீனிச்சாமி இடித்து நின்ற சக்கரத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் பாலத்தில் நடக்க ஆரம்பித்தார்.